ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் இதழின் எழுத்தையும் ஓவியத்தையும் மதிப்பிடுவது எப்படி?

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் இதழ் ஒன்றைப் படித்து முடித்ததும் நம்மில் பெரும்பாலோர் சொல்லும் கருத்து இரண்டு துண்டுகளாக இருக்கும்: கதை நன்றாக இருந்தது, ஓவியம் சுமார், அல்லது ஓவியம் பிரமாதம், கதையில் ஒன்றுமில்லை. அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஏன் அப்படித் தோன்றியது என்று யாராவது கேட்டால் தடுமாறுகிறோம்; கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஓவியரைப் பாராட்டி ஒரு வரி சேர்ப்பதோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. காமிக்ஸில் கதையை நடத்திச் செல்லும் பொறுப்பில் பெரும்பங்கு ஓவியத்தினுடையது. எழுத்தாளரின் திறமையில் பெரும்பகுதி எதை எழுதாமல் விடுவது என்று அறிந்திருப்பதில் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டுவதைவிட, இந்தப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தது சொற்களா, சித்திரமா, அந்த வேலை நிறைவேறியதா என்று கேட்பதே பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். புதிதாகக் காமிக்ஸ் படிக்கத் தொடங்கியவர்கள் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், மதிப்பிடப்படும் பொருள் எது என்பதில் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் மாதந்தோறும் வெளிவரும் ஒரு சூப்பர்ஹீரோ இதழில் இன்று பொதுவாக 20 முதல் 22 பக்கங்கள் வரை கதை இருக்கும். எழுத்தாளர், பென்சிலால் வரையும் ஓவியர், அதன்மேல் மையிட்டுக் கோடுகளை உறுதிப்படுத்தும் இங்க்கர், வண்ணக் கலைஞர், பேச்சு பலூன்களையும் ஒலிச்சொற்களையும் பக்கத்தில் அமைக்கும் லெட்டரர், இவர்களை ஒருங்கிணைக்கும் ஆசிரியர் எனப் பலருடைய கை அந்தச் சில பக்கங்களில் பட்டிருக்கும். சில இதழ்களில் ஒருவரே இரண்டு மூன்று வேலைகளைச் செய்வதும் உண்டு. யார் எதைச் செய்தார் என்பது வழக்கமாக முதல் சில பக்கங்களுக்குள் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் மதிப்பீட்டைத் தொடங்கக் கூடாது. நாம் ‘ஓவியம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது பெரும்பாலும் மூன்று பேருடைய உழைப்பாக இருக்கிறது.

அவர்கள் சேர்ந்து உழைக்கும் முறையும் ஒன்றல்ல. முழு ஸ்கிரிப்ட் முறையில் எழுத்தாளர் ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பேனல்கள் (சித்திரக் கட்டங்கள்), ஒவ்வொரு பேனலிலும் என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார் என்று முன்கூட்டியே எழுதித் தருகிறார். 1960களில் மார்வெல் நிறுவனத்தின் எழுத்தாளர் ஸ்டான் லீயும் அவரோடு பணியாற்றிய ஓவியர்களும் பரவலாக்கிய ‘மார்வெல் முறை’யில் கதையின் போக்கு மட்டும் முதலில் பேசி முடிவு செய்யப்படும், காட்சிகளைப் பிரித்து, வேகத்தைத் தீர்மானித்து, பக்கங்களை வரைந்து முடிப்பவர் ஓவியர், வசனம் அதன் பிறகே எழுதப்படும். இந்த இரண்டாவது முறையில் உருவான இதழில் ‘கதை நகர்வு அற்புதம்’ என்று எழுத்தாளரை மட்டும் பாராட்டினால், அந்த நகர்வை உண்மையில் அமைத்த ஓவியருக்கு அநீதி இழைத்தவர்களாவோம். யாருடைய பங்கு எது என்று உறுதியாகத் தெரியாதபோது, ‘இந்த இதழ் இதைச் செய்கிறது’ என்று எழுதுவதே நேர்மையானது.

எழுத்தை மதிப்பிடும்போது கதைக்கரு புதியதா என்பதற்குத் தொடக்க வாசகர்கள் தேவைக்கு மேல் முக்கியத்துவம் தருகிறார்கள். 1938இல் சூப்பர்மேன் அறிமுகமானதிலிருந்து பல்லாயிரம் இதழ்கள் வந்துவிட்ட ஒரு வகைமையில், வில்லன் நகரத்தைத் தாக்குவதும் நாயகன் தடுப்பதும் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். அந்தப் பழகிய சட்டத்துக்குள் இந்த இதழில் நாயகனுக்கு என்ன வேண்டும், அதை அடைவதற்கு அவன் எதை இழக்க நேர்கிறது, முதல் பக்கத்தில் இருந்தவன் கடைசிப் பக்கத்தில் சிறிதளவாவது மாறியிருக்கிறானா என்பவையே கவனிக்கத்தக்க கேள்விகள். எவராலும் அழிக்க முடியாத ஒருவனுடைய கதையில் உயிர் போகுமா என்ற பயத்தால் மட்டும் பதற்றத்தை உண்டாக்க முடியாது. எனவே நல்ல எழுத்தாளர் அவனுடைய பலம் உதவாத ஓர் இக்கட்டை உருவாக்குகிறார்: ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க வேண்டிய நிலை, சொல்ல முடியாத ஓர் உண்மை, காப்பாற்ற முடியாத ஒரு வாக்குறுதி.

அடுத்ததாக, பக்கங்களின் சிக்கனத்தைப் பார்க்க வேண்டும். 1962இல் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை அறிமுகப்படுத்திய கதை வெறும் 11 பக்கங்களே கொண்டது. சிலந்திக் கடி, புதிய ஆற்றல், அதனால் வந்த செருக்கு, சித்தப்பாவின் மரணம், குற்றவுணர்வு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அதே தோற்றக் கதையை 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு மறு ஆக்கம் பல இதழ்களுக்கு நீட்டிச் சொன்னது. இந்த நீட்டலைக் குறையென்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடக் கூடாது. கிடைத்த இடத்தில் பள்ளி மாணவனின் அன்றாடமும் தயக்கமும் உரையாடலின் இயல்பான இழுவையும் வந்து சேர்ந்தால், அது வேறுவகைச் செழுமை. ஆனால் தனி இதழ் ஒன்றை மதிப்பிடும்போது, ஒரு மாதம் காத்திருந்து இதை வாங்கிய வாசகனுக்கு முழுமையான ஓர் அனுபவமாவது கிடைத்ததா என்று கேட்க உரிமை உண்டு. ஒரு பெரிய கதையின் நடுப்பகுதியாக இருந்தாலும், அந்த இதழுக்கென்று ஒரு கேள்வியும் ஒரு திருப்பமும் இருக்க வேண்டும். தொகுப்பாக வரும்போது நன்றாக இருக்கும் என்ற சமாதானம் தனி இதழைக் காப்பாற்றாது.

வசனத்தைச் சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பலூன்களில் உள்ள பேச்சை மட்டும் தனியே படித்து, யார் பேசுகிறார் என்று படத்தைப் பார்க்காமலேயே ஊகிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் ஐவரும் ஒரே மாதிரி கேலி பேசினால் அங்கே ஒரே ஒரு குரல்தான் எழுதப்பட்டிருக்கிறது. விவரணைப் பெட்டிகளில் வரும் எழுத்தையும் இதே கண்டிப்புடன் பார்க்க வேண்டும். நாயகன் சுவரை உடைத்துக்கொண்டு பாயும் படத்துக்கு மேலே அவன் சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்தான் என்று எழுதியிருந்தால், எழுத்தாளர் ஓவியரை நம்பவில்லை என்று பொருள். பழைய இதழ்களில் இந்த வழக்கம் மிகுதி; அக்காலத்து மரபை நினைவில் கொண்டு அவற்றைப் படிக்கலாம். இன்றைய இதழில் அப்படி இருந்தால் அது குறையே.

இனி ஓவியத்துக்கு வருவோம். இங்கேதான் தொடக்க வாசகர்கள் அதிகம் தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘அழகாக வரைதல்’, ‘படத்தால் கதை சொல்லுதல்’ என்ற இரண்டு திறமைகளும் வேறு வேறு. தசைநாரையும் உடையின் மடிப்பையும் நுணுக்கமாக வரையும் ஒருவர் ஒரு சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார் என்று புரியாதபடி குழப்பிவிடலாம். மிகச் சில கோடுகளில் வரையும் ஒருவர் அதே காட்சியை ஒரு பார்வையில் விளங்க வைத்துவிடலாம். சுவரில் மாட்டத் தகுந்த படங்கள் தொடர்ச்சியாக இருபது இருந்தாலும் அவை காமிக்ஸ் ஆகிவிடா. ஒரு பேனலிலிருந்து அடுத்த பேனலுக்கு வாசகனின் கண்ணும் மனமும் எப்படிச் செல்கின்றன என்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை.

இரண்டு பேனல்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் நடப்பதை வாசகனே நிரப்பிக்கொள்கிறான். ஓங்கிய கை ஒரு பேனலில், தரையில் விழுந்து கிடக்கும் எதிரி அடுத்த பேனலில். அடி விழுந்த கணத்தை வரையவே இல்லை, ஆனாலும் நாம் அதைப் பார்த்துவிட்டோம். எந்தக் கணத்தை வரைவது, எதை இடைவெளிக்குள் விட்டுவிடுவது என்ற தேர்வே ஓவியரின் முதல் முடிவு. பேனலின் அளவு அவருடைய இரண்டாவது கருவி. சிறிய பேனல்கள் நெருக்கமாக வந்தால் படிப்பு படபடக்கும்; அகன்ற பேனலில் கண் தங்கும்; முழுப்பக்கச் சித்திரத்தில் நேரமே நின்றுவிட்டதுபோல் தோன்றும்.

இதற்கு 1966இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33ஆம் இதழைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. வரைந்ததோடு கதைப்போக்கை அமைத்தவரும் டிட்கோவே. வசனம் ஸ்டான் லீயுடையது. நீருக்கடியில் உள்ள ஓர் இருப்பிடத்தில் மலைபோன்ற இயந்திரம் ஒன்றின் கீழ் நாயகன் சிக்கிக் கிடக்கிறான். நோயுற்ற சித்தியைப் பிழைக்க வைக்கக்கூடிய மருந்து கண்ணெதிரே, கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கூரையிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நடப்பது ஒன்றே ஒன்றுதான்: அவன் அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டும். டிட்கோ அதற்குப் பல பக்கங்களைச் செலவிடுகிறார். முதலில் இறுக்கமான பேனல்களில் உடல் மடங்கிக் கிடக்கிறது, பாரம் மேற்பகுதியை அடைத்துக்கொண்டு அழுத்துகிறது. பிறகு பேனல்கள் படிப்படியாகப் பெரிதாக, உடல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது. இறுதியில் பக்கத்தைத் திருப்பினால் முழுப்பக்கத்திலும் அவன் அந்த இயந்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிகிறான். முகம் முழுவதும் முகமூடியால் மூடப்பட்டவன் அவன். கண் கலங்குவதையோ பல்லைக் கடிப்பதையோ வரைய வழியே இல்லாத ஒரு பாத்திரத்தின் மன உறுதி முழுவதையும் முதுகின் வளைவும் விரல்களின் விறைப்பும் பேனலின் அளவுமே சொல்லிவிடுகின்றன. அந்தப் பக்கங்களில் வசனமும் நிறையவே இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒவ்வொரு கட்டமும் விளங்கும். படக்கதை சொல்லல் என்பதற்கு ஒருவர் விளக்கம் கேட்டால், நான் அந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

பேனல்களின் எண்ணிக்கையையே கதையாக்கிய இன்னொரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. 1992இல் சூப்பர்மேன் இறக்கும் கதை பல தொடர்களின் இதழ்களில் அடுத்தடுத்து வந்தபோது, முடிவை நெருங்கும் இதழ்களில் பக்கத்துக்கு நான்கு பேனல்கள், பிறகு மூன்று, பிறகு இரண்டு என்று குறைந்துகொண்டே வந்து, டான் ஜர்கென்ஸ் எழுதி வரைந்த ‘சூப்பர்மேன்’ 75ஆம் இதழில் பக்கத்துக்கு ஒரே சித்திரம் என்று ஆகிவிடுகிறது. வாசகன் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் ஏதோ ஒன்று பெரிதாகிக்கொண்டே நெருங்குகிறது என்ற உணர்வு அவனை விடாது. இதற்கு நேர்மாறாக, பலவீனமான இதழ்களில் முழுப்பக்கச் சித்திரம் காரணமின்றி வந்து விழும். நாயகன் ஓர் அறைக்குள் நுழைவதற்குக்கூட ஒரு முழுப்பக்கம் செலவாகும். அத்தகைய பக்கத்தைப் பார்த்ததும் ‘இந்தக் கணம் இவ்வளவு இடத்துக்குத் தகுதியானதா’ என்று கேளுங்கள். ஓவியத்தைப் பற்றி நீங்கள் எழுதும் முதல் உருப்படியான வாக்கியம் அந்தக் கேள்விக்கான பதிலாக இருக்கும்.

சண்டைக் காட்சிகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் சூப்பர்ஹீரோ இதழில் எழுத்தும் ஓவியமும் ஒன்றையொன்று கைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்கிரிப்டில் ‘மூன்று பக்கம் மோதல்’ என்ற அளவில் விட்டுவிட்டால், ஓவியர் பாய்ச்சலையும் வெடிப்பையும் மாற்றி மாற்றி வரைந்து பக்கங்களை நிரப்புவார். நல்ல சண்டை ஓர் உரையாடலைப்போல் முன்னேறும். ஒவ்வொரு அடியும் முந்தைய அடிக்குப் பதிலாக இருக்கும், தோற்பவன் ஏன் தோற்கிறான் என்பது அவன் குணத்திலிருந்தே வரும். இடம் முதலில் அகன்ற பேனலில் காட்டப்பட்டிருக்கிறதா, இடப்புறம் நின்றவர் காரணமின்றி வலப்புறம் மாறிவிடாமல் இருக்கிறாரா, எறியப்பட்ட பொருள் எங்கே போய் விழுந்தது என்று தெரிகிறதா என்பவற்றைப் பாருங்கள். ஆற்றல்களை வரையும் விதமும் கவனத்துக்குரியது. அசுர வேகத்தில் ஓடுபவனும் அசுர பலம் கொண்டவனும் பக்கத்தில் ஒரே விதமாகத் தெரிந்தால், அந்த ஓவியர் உடையை வரைந்திருக்கிறாரே தவிர ஆற்றலை வரையவில்லை.

பின்புலத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. எல்லாப் பேனல்களிலும் பின்புலம் நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை; உணர்ச்சி உச்சத்தில் வெறும் வண்ணமே போதும். ஆனால் பக்கம் பக்கமாகப் பாத்திரங்கள் வெற்றிடத்திலேயே நின்றால் அது காலக்கெடு நெருக்கடியின் அடையாளம்.

வண்ணத்தையும் லெட்டரிங்கையும் மதிப்பீடுகளில் பெரும்பாலும் ஒருவரும் குறிப்பிடுவதில்லை; இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் வழக்கம். நேரத்தையும் மனநிலையையும் முதலில் உணர்த்துவது வண்ணம். நெரிசலான ஒரு பேனலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்வதும் அதுவே. ஒரே காட்சிக்குள் காரணமின்றி வண்ணச் சூழல் மாறினாலும், எல்லாப் பரப்பிலும் பளபளப்பு ஏற்றப்பட்டு இங்க்கரின் கோடுகள் அமுங்கிப் போனாலும் குறிப்பிட வேண்டும். லெட்டரிங்கில் முதல் கேள்வி, பலூன்களை எந்த வரிசையில் படிப்பது என்பதில் எங்கேனும் தடுக்கி விழுந்தோமா என்பது. ஒரு சின்ன ஒலிச்சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு, ஜெரி கான்வே எழுதி கில் கேன் வரைந்த 1973ஆம் ஆண்டின் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழே சான்று. பாலத்திலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியை நாயகன் தன் வலையால் பிடித்து நிறுத்தும் பேனலில், அவள் கழுத்தருகே சிறியதாக ‘ஸ்னாப்’ என்று ஓர் ஒலிச்சொல் இருக்கிறது. நாயகன் அதைக் கேட்கவில்லை, காப்பாற்றிவிட்டதாகவே நினைக்கிறான். அவளைக் கொன்றது வில்லனா, காப்பாற்ற முயன்ற கையா என்று வாசகர்கள் பல ஆண்டுகளாக வாதிடுவதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

சொல்லும் படமும் சேரும் இடத்தை மதிப்பிடுவதே இவை எல்லாவற்றுக்கும் அடுத்த படி. ஒரு பேனலில் சொல் படத்தைத் திரும்பச் சொல்லலாம். படத்தில் இல்லாததைச் சேர்க்கலாம். படத்துக்கு முரணாகவும் பேசலாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பலூன் சொல்ல, நடுங்கும் கை படத்தில் தெரிந்தால், அந்த முரணில்தான் பாத்திரம் பிறக்கிறது. 2005இல் கிரான்ட் மாரிசன் எழுத ஃபிராங்க் குவைட்லி வரைந்து வெளிவந்த ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ முதல் இதழின் முதல் பக்கம், சூப்பர்மேனின் பிறப்புக் கதை முழுவதையும் நான்கு பேனல்களில் எட்டே ஆங்கிலச் சொற்களில் சொல்லி முடிக்கிறது. வாசகனுக்கு முன்பே தெரிந்த கதை என்பதால் அந்தச் சிக்கனம் இயல்கிறது என்பது உண்மைதான். ஆனால் சொற்களைத் தனியே படித்தால் தலைப்புகளாகவும், படங்களைத் தனியே பார்த்தால் தொடர்பற்ற நான்கு காட்சிகளாகவும் இருப்பவை சேரும்போது கதையாகின்றன. மேட் ஃபிராக்ஷன் எழுதி டேவிட் ஆஜா வரைந்த ‘ஹாக்ஐ’ தொடரின் 11ஆம் இதழ் இன்னும் துணிச்சலானது. 2013இல் வந்த அந்த இதழ் ஒரு நாயின் பார்வையில் நகர்கிறது. மனிதர்களின் பேச்சில் நாய்க்குப் புரியும் சில சொற்கள் மட்டுமே பலூனில் தெளிவாக இருக்கும். மோப்பத்தால் அது அறிபவை சிறு குறியீடுகளாக வரையப்பட்டிருக்கும். அடுத்த ஆண்டு அதற்குச் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருது (அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் புகழ்பெற்ற விருது) கிடைத்தது. அந்த இதழில் எழுத்துக்கு இவ்வளவு, ஓவியத்துக்கு இவ்வளவு, லெட்டரிங்குக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க முயன்றால் முடியாது.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? முதல் முறை எந்தக் குறிப்பும் எடுக்காமல், வாசகராகவே படியுங்கள்; எங்கே வேகமாகப் புரட்டினோம், எங்கே நின்றோம், எங்கே குழம்பினோம் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாம் முறை சொற்களைப் படிக்காமல் படங்களை மட்டும் தொடருங்கள். முதல் முறை நின்ற இடத்திலும் குழம்பிய இடத்திலும் என்ன இருக்கிறது என்று அப்போது தெரியவரும்: குழப்பத்துக்குக் காரணம் தவறிய ஒரு பலூன் வரிசையாக இருக்கலாம், காட்டப்படாத ஓர் இடமாக இருக்கலாம், எழுத்தாளர் விளக்காமல் விட்ட பழைய கதைத் தொடர்ச்சியாக இருக்கலாம். எழுதும்போது ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பக்கத்தையாவது சுட்டிக்காட்டுங்கள். ‘ஓவியம் உயிரோட்டமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தை எந்த இதழுக்கும் எழுதிவிடலாம். ‘எட்டாம் பக்கத்தில் அவள் பொய் சொல்லும்போது ஓவியர் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டுகிறார்’ என்பதை அந்த ஒரு இதழுக்கு மட்டுமே எழுத முடியும்.

உங்கள் விருப்பத்தையும் இதழின் தரத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் தேவை. கோணல்மாணலான, மிகைப்படுத்திய உருவங்கள் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் நகைச்சுவையான ஓர் இதழுக்கு அதுவே பொருத்தமான நடையாக இருக்கக்கூடும். இதழ் எதைச் செய்ய முயல்கிறது என்று முதலில் வரையறுத்துவிட்டு, அதை எவ்வளவு தூரம் செய்தது என்று பிறகு பாருங்கள். உங்கள் விருப்பத்தையும் மறைக்க வேண்டாம். அது விருப்பம் என்று தெரியும்படி எழுதினால் வாசகர் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார்.

மாத இதழ்களில் காலக்கெடு நெருக்கடியால் பாதியில் வேறொரு ஓவியர் வந்து சேர்வதும் நடக்கும். அப்போது இரண்டாமவர் முதலாமவரைப்போல் வரைந்தாரா என்பது இரண்டாம்பட்சக் கேள்வி. மாற்றம் ஒரு காட்சி முடிந்து மறு காட்சி தொடங்கும் இடத்திலோ, நினைவுக்காட்சி ஒன்றிலோ நிகழ்ந்திருந்தால், ஆசிரியரும் எழுத்தாளரும் அதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கித் தந்திருக்கிறார்கள். ஒரே அறையில் ஒரே உரையாடலின் நடுவே முகங்கள் மாறியிருந்தால், அந்தக் குறையை ஓவியர்கள் இருவர்மீதும் சுமத்தாமல், இதழைத் திட்டமிட்டவர்களின் கணக்கில் எழுதுங்கள்.